சத்தம் எங்கே நின்றுபோனது? சவுண்ட் கார்டு கேள்வி பதில்

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகிய இயங்குதளங்களின் பக்கம் வந்தவர்களிடமிருந்து சத்தம் வரவில்லை என்ற கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை வேறு எதையும் எடுக்காமல் அவற்றை மட்டும் பார்த்துவிடலாம். கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: சார், புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். எல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்று ஒன்றுதான் காட்டுகிறது. ரியல்டெக் டிரைவர் என்று நெட்டில் கிடைத்ததை எடுத்து கம்பைல் செய்து பார்த்தேன், பக்கம் பக்கமாக எரர். வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாற்றிப் பார்க்கட்டுமா?

பதில்: முதல் வேலையாக அந்தக் கோப்பைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். விண்டோஸ் பழக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. லினக்ஸில் சவுண்ட் டிரைவர், இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. நெட்டில் கிடக்கும் அந்தப் பொதிகள் எந்தக் காலத்துக் கெர்னலுக்கோ எழுதியவை, இன்றைக்கு கம்பைல் ஆகாது, தப்பித்தவறி ஆகிவிட்டால் இன்னும் மோசம், ஒழுங்காக இருக்கும் மாட்யூலுக்கு (கெர்னலில் சொருகும் டிரைவர் துண்டு) பதிலாகப் பழையது போய் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்ட்ரோ மாற்றுகிற யோசனையையும் தள்ளி வையுங்கள்.

'டம்மி அவுட்புட்' என்பது பழுதின் பெயர் இல்லை. கார்டு எதுவும் கண்ணில் படாதபோது, பாட்டு பிளேயர்கள் திக்குமுக்காடக் கூடாதே என்று ஒலியைக் கலந்து அனுப்பும் சவுண்ட் சர்வரான பைப்வயரோ பல்ஸ்ஆடியோவோ தானாக உண்டாக்கி வைக்கும் பொய் வெளியீடு அது. ஆக, கோளாறு அதற்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. அடியிலிருந்து மேலே வருவோம்.

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையோடு ஹைபன் போட்டு 'என்என்கே' சேர்த்து அடியுங்கள். நீளமாக ஓடும் பட்டியலில் 'ஆடியோ டிவைஸ்' அல்லது 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்று இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். அப்படி ஒன்றுமே இல்லையென்றால் பயாஸில் ஆடியோ அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், அங்கே போய்ப் பாருங்கள். இருந்தால், அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி வருகிறதா என்று கவனியுங்கள். அந்த வரியில் 'எஸ்என்டி ஹெச்டிஏ இன்டெல்' என்றோ 'சோஃப் ஆடியோ பிசிஐ' என்று தொடங்கும் ஏதாவதோ இருந்தால் டிரைவர் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் 'ப்ராக்' கோப்புறைக்குள் 'அசவுண்ட்', அதற்குள் 'கார்ட்ஸ்' என்ற கோப்பு. அதை 'கேட்' கட்டளையால் திறங்கள். 'நோ சவுண்ட்கார்ட்ஸ்' என்று வந்தால், டிரைவர் வந்தும் கார்டு எழுந்திருக்கவில்லை.

புது லேப்டாப் என்று சொன்னீர்கள் அல்லவா, உங்கள் கதை அநேகமாக இங்கேதான் நிற்கும். சமீப வருடங்களின் பல இன்டெல் லேப்டாப்களில் சவுண்டுக்கென்றே ஒரு சின்ன புராசசர் சிப்செட்டுக்குள் இருக்கிறது, அது ஓட 'சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர்' என்ற கோப்பு தேவை. நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' போட்டு, கெர்னல் பதிவைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' அடித்து, வருவதை 'கிரெப்' வழியாக 'சோஃப்' என்று சலித்துப் பாருங்கள். ஃபர்ம்வேர் ஏற்றும் வரியில் 'எரர் மைனஸ் 2' என்று இருந்தால், கேட்ட கோப்பு டிஸ்கில் இல்லை என்று பொருள், அவ்வளவுதான். டெபியனில் 'ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு', ஃபெடோராவில் 'அல்சா-சோஃப்-ஃபர்ம்வேர்', ஆர்ச்சில் 'சோஃப்-ஃபர்ம்வேர்' என்ற பொதியை நிறுவிவிட்டு மெஷினை முழுசாக அணைத்துப் போடுங்கள். டெபியனில் இது 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' பிரிவில் இருக்கிறது, அந்தப் பிரிவு சோர்ஸ் பட்டியலில் இல்லையென்றால் தேடினாலும் கிடைக்காது.

இன்னொரு வழியையும் பலர் சொல்வார்கள்: 'ஈடிசி'க்குள் 'மோட்ப்ரோப் டாட் டி' கோப்புறையில் ஒரு கோப்பு உண்டாக்கி, 'எஸ்என்டி-இன்டெல்-டிஎஸ்பிசிஎஃப்ஜி' மாட்யூலுக்கு 'டிஎஸ்பி அண்டர்ஸ்கோர் டிரைவர்' மதிப்பை 1 என்று கொடுப்பது. பழைய ஹெச்டிஏ (ஹை டெஃபினிஷன் ஆடியோ) டிரைவரையே கட்டாயப்படுத்தும் வித்தை அது. ஸ்பீக்கர் பேசிவிடும், ஆனால் திரைக்கு மேலே கேமரா பக்கத்தில் இருக்கும் டிஜிட்டல் மைக் அந்தச் சின்ன புராசசரோடு கோத்திருப்பதால் அது செத்துப்போகும். வீடியோ காலில் நீங்கள் கத்துவது யாருக்கும் கேட்காது. ஃபர்ம்வேர் கிடைக்கும்வரை தற்காலிகமாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்டு எல்லாம் சரியாகக் காட்டுகிறது. பாட்டு ஓடும்போது செட்டிங்ஸில் பச்சைக் கோடுகூட ஆடுகிறது. ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் வரவே இல்லை. டிரைவர் பாதி வேலை செய்யுமா?

பதில்: டிரைவர் முழுசாகத்தான் வேலை செய்கிறது. இது மிக்ஸர் விவகாரம். 'அல்சாமிக்ஸர்' என்று அடியுங்கள். திறந்ததும் ஒரே ஒரு தூண் நடுவில் நின்றால், நீங்கள் பார்ப்பது நிஜக் கார்டை இல்லை, மேலே இருக்கும் பைப்வயரின் முகமூடியை. எஃப்6 அழுத்தி, பட்டியலில் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது 'மாஸ்டர்', 'ஹெட்போன்', 'ஸ்பீக்கர்', 'பிசிஎம்' என்று வரிசையாகத் தூண்கள் வரும். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி. அதில் '00' இருந்தால் திறந்திருக்கிறது, 'எம்எம்' இருந்தால் ம்யூட். அம்புக்குறியால் ஸ்பீக்கர் தூணுக்குப் போய் 'எம்' விசையை ஒரு தட்டுத் தட்டினால் எம்எம் மறைந்து 00 வரும். தூண் உயரமாக நின்றாலும் அடியில் எம்எம் இருந்தால் சத்தம் வராது. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், தூணை மட்டும் பார்த்துவிட்டு 'வால்யூம் நூறில் இருக்கிறதே' என்பார்கள்.

அதிலும் சரியாகவே இருக்கிறது என்றால் வலது பக்கம் நகர்ந்துகொண்டே போங்கள், 'ஆட்டோ-ம்யூட் மோட்' என்று ஒன்று வரும். ஹெட்போன் சொருகியதும் ஸ்பீக்கரை அடைப்பது அதன் வேலை. ஜாக்குக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் தேய்ந்தோ தூசி அடைத்தோ போனால், ஹெட்போனை உருவிய பிறகும் சொருகியே இருப்பதாகத் தகவல் போய்க்கொண்டிருக்கும். சோதிக்க, அதை 'டிசேபிள்டு' ஆக்குங்கள். ஸ்பீக்கர் உடனே பேசினால் குற்றவாளி ஜாக், மென்பொருள் இல்லை. மாற்றியதைத் தக்கவைக்க 'சூடோ' போட்டு 'அல்சாசிடிஎல் ஸ்டோர்' அடித்துவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லையா? அப்போது சிப்பின் கால்களின் கணக்கு தப்பாக இருக்கலாம். போர்டில் டிஜிட்டல் தகவலை ஒலி சிக்னலாக மாற்றும் ரியல்டெக் கோடெக் சிப்பிலிருந்து பல கால்கள் வருகின்றன, எந்தக் கால் ஸ்பீக்கருக்குப் போகிறது, எது ஹெட்போனுக்கு, எது சும்மா கிடக்கிறது என்பதை பயாஸ்தான் சிப்பில் எழுதிவைக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பலர் விண்டோஸில் ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள், பயாஸில் இருக்கும் தப்பை அவர்களுடைய விண்டோஸ் டிரைவர் சத்தமில்லாமல் மறைத்துவிடும். லினக்ஸ் கெர்னலில் ரியல்டெக்குக்கான கோப்பைத் திறந்து பார்த்தால் மாடல் மாடலாக இந்தத் தப்புகளுக்கு எழுதிய வைத்தியங்கள் மிக நீளமாகப் போகும். உங்கள் மாடல் இன்னும் அதில் சேரவில்லை என்றால் 'ஹெச்டிஏஜாக்ரீடாஸ்க்' என்ற கருவியை நிறுவி, கால்களை நீங்களே ஒவ்வொன்றாக 'இன்டர்னல் ஸ்பீக்கர்' ஆக்கிப் பார்க்கலாம். டெபியனில் அது 'அல்சா-டூல்ஸ்-குய்' பொதிக்குள் இருக்கிறது. பொறுமை வேண்டிய வேலை. அதற்கு முன் புதுக் கெர்னல் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், உங்களைப் போல இன்னொருவர் புகார் செய்து அந்த வைத்தியம் ஏற்கெனவே வந்திருக்கலாம்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கிறேன். விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்தால் சத்தம் இல்லை, அணைத்துவிட்டுத் திறந்தால் இருக்கிறது. பேயா?

பதில்: பேய் இல்லை. ரீஸ்டார்ட்டில் கோடெக் சிப்புக்கு மின்சாரம் அறுவதில்லை. விண்டோஸ் டிரைவர் அதை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனதோ அந்த நிலையிலேயே லினக்ஸ் கைக்கு வருகிறது, சில மாடல்களில் லினக்ஸ் டிரைவருக்கு அது பிடிபடுவதில்லை. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள், மாறும்போது ஷட்டவுன் செய்து மாறுங்கள். அதுதான் சுலபம்.

கேள்வி: அய்யா, சவுண்ட் பிளாஸ்டர் காலத்து ஆள் நான். போர்ட் 220, ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1 என்று கொடுத்தால் பாடும். இப்போது ஓஎஸ்எஸ், அல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது டிரைவர், எதற்கு இத்தனை?

பதில்: அந்த 220-5-1 இன்னும் மனப்பாடமாக இருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை.

நீங்கள் சொன்ன நான்கில் டிரைவர் என்று சொல்லத் தக்கவை ஓஎஸ்எஸ், அல்சா இரண்டும்தான். முதலில் இருந்தது ஓஎஸ்எஸ் (ஓபன் சவுண்ட் சிஸ்டம்). 'டெவ்' கோப்புறையில் 'டிஎஸ்பி' என்று ஒரு கோப்பு, அதில் எழுதினால் சத்தம் வரும், யூனிக்ஸ் குணத்துக்கு ஒத்த அழகான ஏற்பாடு. கஷ்டம் என்னவென்றால் அன்றைய லினக்ஸில் சாதாரணக் கார்டு என்றால் ஒரு நிரல் அதைத் திறந்துகொண்டால் அடுத்ததற்கு 'டிவைஸ் பிஸி' என்ற பதில்தான் கிடைக்கும். பாட்டு ஓடும்போது மெயில் வந்த மணி கேட்காது. 1998-இல் யாரோஸ்லாவ் கிசெலா அல்சாவைத் தொடங்கினார், 2002-இல் அது 2.5 கெர்னலுக்குள் வந்தது, 2003 கடைசியில் வெளியான 2.6-இல் இருந்து லினக்ஸின் வழக்கமான டிரைவர் அடுக்கே அதுதான். இன்றும் அதுதான்.

பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டும் சவுண்ட் சர்வர்கள். பல நிரல்களின் ஒலியைக் கலப்பது, புளூடூத் ஹெட்செட் வந்ததும் அந்தப் பக்கம் திருப்புவது, ஒவ்வொரு நிரலுக்கும் தனி வால்யூம் வைப்பது எல்லாம் அவற்றின் வேலை, வன்பொருளைத் தொட வேண்டுமென்றால் அவையும் அல்சாவிடம்தான் கைகட்டி நிற்க வேண்டும். ஃபெடோரா 2021-இல் 34-ஆம் பதிப்பிலிருந்து பைப்வயருக்கு மாறியது, மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். பல்ஸ்ஆடியோ புதிதாக வந்த காலத்தில் வாங்காத திட்டு இல்லை. அதில் பாதி நியாயம், மீதிப் பாதி அல்சா டிரைவர்களில் அதுவரை யார் கண்ணிலும் படாத பிழைகளுக்காக அது வாங்கிக்கொண்ட திட்டு.

உங்களுக்கு இதில் ஒரு பயன் உண்டு. 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கட்டளைக்கு ஹைபனோடு டிவைஸைக் குறிக்கும் 'டி' (இது மட்டும் பெரிய எழுத்து) போட்டு 'பிளக்ஹெச்டபிள்யூ', முக்காற்புள்ளி, கார்டு எண் கொடுத்தால் அது சர்வரைத் தாண்டி நேரே அல்சாவோடு பேசும். அதில் இரைச்சல் கேட்டு, பிளேயரில் பாட்டு கேட்கவில்லை என்றால் டிரைவரைக் குறை சொல்லாமல் மேல் அடுக்கில் தேடுங்கள்.

கேள்வி: ஹெச்டிஎம்ஐயில் மானிட்டர் மாட்டியதிலிருந்து சத்தம் அதற்குள் போய்விடுகிறது, மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. கார்டு எண்ணைக் கோப்பில் எழுதிவைத்தேன், இரண்டு நாள் ஒழுங்காக இருந்து மறுபடி பழைய குருடி.

பதில்: எண்ணை நம்பியதுதான் காரணம். கிராபிக்ஸ் கார்டுக்கும் தனியாக ஒரு ஹெச்டிஏ ஆடியோ இருக்கிறது, பூட் ஆகும்போது எது முந்துகிறதோ அதற்கு 0 கிடைக்கும். அடுத்த முறை வரிசை மாறலாம். எண்ணுக்குப் பதில் பெயரைப் பயன்படுத்துங்கள். 'ஏபிளே' கட்டளையை ஹைபன் 'எல்' சேர்த்து அடித்தால் கார்டு எண்ணை ஒட்டியே 'பிசிஹெச்', 'என்விடியா' என்று பெயர் வரும். அல்சா கோப்புகளில் எண் வருகிற இடத்தில் அந்தப் பெயரை எழுதலாம், அது மாறாது.

டெஸ்க்டாப்பில் வேலை செய்பவருக்கு இதுகூடத் தேவையில்லை. 'பாவுகன்ட்ரோல்' திறந்து கடைசித் தாவலான 'கான்ஃபிகரேஷன்'-இல் ஹெச்டிஎம்ஐ கார்டின் புரொஃபைலை 'ஆஃப்' செய்துவிடுங்கள். பேச்சு முடிந்தது.

கேள்வி: ஒவ்வொரு முறை பாட்டு தொடங்கும்போதும் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம். அறிவிப்பு மணி வந்தால் முதல் பாதி காணாமல் போகிறது.

பதில்: மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. சில விநாடிகள் ஒலி இல்லை என்றால் டிரைவர் கோடெக்கைத் தூங்க வைக்கிறது, எழுப்பும்போதுதான் அந்த டப். 'சிஸ்' கோப்புறையில் 'மாட்யூல்', 'எஸ்என்டி ஹெச்டிஏ இன்டெல்', 'பாராமீட்டர்ஸ்' வழியாக 'பவர் அண்டர்ஸ்கோர் சேவ்' கோப்பைப் படியுங்கள். அதில் இருக்கும் எண்தான் எத்தனை விநாடியில் தூங்கும் என்ற கணக்கு. ரூட்டாக (நிர்வாகியாக) அதில் 0 எழுதிப் பாருங்கள், டப் போய்விட்டால் 'மோட்ப்ரோப் டாட் டி'யில் அதே மாட்யூலுக்கு பவர் சேவ் 0 என்று நிரந்தரமாக்குங்கள். ரீபூட் ஆனதும் மறுபடி 1 ஆகியிருந்தால் 'டிஎல்பி' மாதிரி பேட்டரி சேமிக்கும் நிரல் ஏதோ மாற்றுகிறது, அதன் கான்ஃபிக் கோப்பில் சவுண்ட் வரியைத் தேடுங்கள்.

போகவில்லையா? பைப்வயர் பக்கமும் இதே பழக்கம் உண்டு, அதன் துணையான வயர்பிளம்பர் 5 விநாடி சும்மா இருந்தால் கார்டை மூடிவிடும். யூஎஸ்பி டிஏசி (வெளியே மாட்டும் ஒலிக் கருவி), ஹெச்டிஎம்ஐ வைத்திருப்பவர்களுக்கு மணியின் முதல் பாதி விழுங்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். அதன் அமைப்பில் 'செஷன் சஸ்பெண்ட் டைம்அவுட் செகண்ட்ஸ்' மதிப்பை 0 ஆக்கினால் மூடாது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அந்த டப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

கேள்வி: சூடோ போட்டு பிளேயரைத் திறந்தால் பாடுகிறது, சாதாரணமாகத் திறந்தால் இல்லை. ஆடியோ குழுவில் என்னைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: சூடோ போட்டு பிளேயர் திறப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒருமுறை அப்படித் திறந்தாலே உங்கள் ஹோம் கோப்புறையில் 'டாட் கான்ஃபிக்' உள்ளே 'பல்ஸ்' கோப்புறை ரூட்டின் பெயருக்கு மாறிவிட வாய்ப்பு உண்டு, அப்புறம் உங்கள் கணக்கால் அதைத் தொட முடியாது, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக முளைக்கும். 'எல்எஸ்' கட்டளைக்கு ஹைபன் 'எல்' சேர்த்துப் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட் என்றால் 'சௌன்' கட்டளையால் திரும்ப உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்து லாகின் செய்கிறவருக்கு சவுண்ட் அனுமதி தானாகவே கிடைக்கும், அதற்குக் குழு தேவையில்லை. ஆடியோ குழுவில் சேர்த்தால், வேறொருவர் அதே மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் நீங்கள் தொலைவிலிருந்து மைக்கைத் திறக்கலாம். இது வசதியா வம்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். திரையில்லாத மெஷினுக்கு மட்டும் குழு சரி. இன்னொன்று, கார்டை வேறு யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று 'ஃப்யூசர்' கட்டளைக்கு ஹைபன் 'வி' போட்டு, 'டெவ்'வுக்குள் 'எஸ்என்டி'யில் உள்ள எல்லாக் கோப்புகளையும் கொடுத்துப் பாருங்கள். நிரலின் பெயரோடு வந்து நிற்கும்.

கேள்வி: நான் ஃப்ரீபிஎஸ்டி. ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது. ஹெட்போன் சொருகினால் ஸ்பீக்கர் அடங்குவதும் இல்லை, ஹெட்போன் பாடுவதும் இல்லை. அல்சா பற்றி எழுதுகிறவர்கள் எங்களையும் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?

பதில்: கவனித்துவிட்டேன். உங்கள் பக்கம் இன்றும் ஓஎஸ்எஸ் வழிதான், ஆனால் அங்கே கெர்னலே பல ஒலிகளைக் கலந்துகொடுப்பதால் பழைய 'டிவைஸ் பிஸி' தொல்லை இல்லை. 'டெவ்'வில் 'சவுண்ட் ஸ்டாட்' கோப்பை (எழுத்துகள்: எஸ், என், டி, எஸ், டி, ஏ, டி) 'கேட்' செய்யுங்கள். பிசிஎம்0, பிசிஎம்1 என்று இரண்டு வரி வந்தால், ஸ்பீக்கரும் ஹெட்போனும் தனித்தனிச் சாதனங்களாகப் பதிவாகியிருக்கின்றன. 'சிஸ்சிடிஎல்' கட்டளையால் 'ஹெச்டபிள்யூ டாட் எஸ்என்டி டாட் டிஃபால்ட் அண்டர்ஸ்கோர் யூனிட்' மதிப்பை 1 ஆக்கி, பிளேயரை மூடித் திறந்தால் ஹெட்போன் பாடும்.

ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய யாருக்குப் பொறுமை? நிரந்தர வழி, பூட் கோப்புறையில் இருக்கும் 'டிவைஸ் டாட் ஹின்ட்ஸ்' கோப்பில் ஸ்பீக்கர் காலுக்கும் ஹெட்போன் காலுக்கும் ஒரே 'ஏஎஸ்' எண் கொடுத்து, ஹெட்போனுக்கு மட்டும் 'எஸ்இக்யூ' மதிப்பை 15 என்று எழுதுவது. 15 என்றால் 'இது சொருகினால் மற்றது அடங்க வேண்டும்' என்று டிரைவர் புரிந்துகொள்ளும். கால்களின் எண்களை 'எஸ்என்டி ஹெச்டிஏ' கையேட்டுப் பக்கத்தில் சொன்னபடி கண்டுபிடியுங்கள், அந்தப் பக்கம் உதாரணங்களோடு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. 14-ஆம் பதிப்பில் மிக்ஸர் கட்டளை புதிதாக எழுதப்பட்டதால் பழைய குறிப்புகளில் இருக்கும் மாதிரி வெறும் எண்ணைக் கொடுத்தால் ஏற்காது, நடுவில் சமக்குறி போடுங்கள்.

ஓபன்பிஎஸ்டியில் மைக் வேலை செய்யவில்லை என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அங்கே ஒலிப்பதிவு வேண்டுமென்றே அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது, பதிவு செய்தால் வெறும் மௌனம்தான் கிடைக்கும். 'சிஸ்சிடிஎல்' வழியாக 'கெர்ன் டாட் ஆடியோ டாட் ரெக்கார்ட்' மதிப்பை 1 ஆக்குங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும் செய்துவிட்டேன் அண்ணா. லேப்டாப்பின் உள் கார்டு எழவே இல்லை. அடுத்து என்ன?

பதில்: இரண்டு காரியம். 'அல்சா-இன்ஃபோ' என்ற ஸ்கிரிப்டை ஓட்டி, அது தரும் முழு அறிக்கையையும் உங்கள் டிஸ்ட்ரோவின் பிழைப் பதிவில் போடுங்கள். கோடெக்கின் எண், கால்களின் கணக்கு, மிக்ஸர் நிலை எல்லாம் அதில் இருக்கும். 'சத்தம் வரவில்லை, உதவுங்கள்' என்று மொட்டையாகப் போட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதுவரை ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொதுத் தரத்துக்கு ஒத்துவருகிறதா என்பதை மட்டும் பெட்டியில் பாருங்கள். ஒத்துவந்தால் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி மூன்றிலும் தனி டிரைவர் கேட்காமல் ஓடும். 'விண்டோஸுக்கான டிரைவர் சிடி உள்ளே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுங்கள்.